பவானி வாசித்த பக்கம்

டுரியான் துங்காலிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் என் மகளின் முகம் தொங்குகிறது. கழுத்தில் பதக்கம், கையில் மைக், வாய் நிறையச் சிரிப்பு. மேலே ‘தங்கம் வென்ற தோட்டத்துச் சிங்கங்கள்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். கீழே பள்ளியின் பெயர். அதைவிடப் பெரிய எழுத்தில், பேனருக்குப் பணம் போட்ட தம்புசாமி அண்ணனின் லாரி கம்பெனிப் பெயர். அதில் ஒரு வரியைக்கூட என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது.

வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். எனக்கு இருப்பது கோபம், மாதக்கணக்காக ஆறாத கோபம்.

என் பெயர் கமலவேணி. ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வெல்டர், மாதத்துக்கு ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். ஒரே மகள் பவானேஸ்வரி, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. முழுப் பள்ளியையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், பிள்ளைகள் அவ்வளவுதான். வசதி வந்தவர்கள் பாச்சாங்கிலும் பாயா ரும்புட்டிலும் வீடு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பெரிய பள்ளிகளில் சேர்த்துவிட்டார்கள். போக முடியாத எங்களுக்கு இந்தப் பள்ளி.

போன ஆண்டு கோலாலம்பூரில் நடந்த ஒரு புத்தாக்கப் போட்டியில் எங்கள் பள்ளிக்குத் தங்கம் கிடைத்தது. செம்பனை மட்டையையும் செராய் என்கிற எலுமிச்சைப்புல்லையும் அரைத்துச் செய்த கொசு விரட்டி. அரைத்தது உஷாராணி டீச்சர், காய வைத்தது தோட்டக்காரர், அட்டையில் படம் ஒட்டியது டீச்சரின் தங்கை. பிள்ளைகள் மூன்று பேரும் நடுவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அதில் என் மகள்தான் தலைவி. தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, ஒரு சொல் தடுக்காமல் பேசினாள். நான் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். அழுதேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவைப் பிடித்து, அது என் பெண் என்று சொன்னேன்.

பதக்கம் வந்த பிறகு பள்ளிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒழுகிக்கொண்டிருந்த கூரைக்குப் புதுத் தகடு வந்தது. ஒரு சங்கம் டேப்லட்டுகள் கொடுத்தது. பிள்ளைகள் அதைத் தொட்டால் கெட்டுப்போகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அதிகாரிகள் வரும்போது மட்டும் எடுத்து மேசைமேல் அடுக்குவார்கள். போனதும் துடைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் நானும் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் இருந்தேன். கூரை ஒழுகவில்லையே, அது போதும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் பாயா ரும்புட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் கார் ஓட்டுகிறேன், பவானி பக்கத்தில். போனில் மெசேஜ் வந்தது. யார் என்று பார்க்கச் சொன்னேன். சூப்பர்வைசர் என்றாள். படம் இருக்கிறது, அதனால் தெரிந்திருக்கிறது. என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள்.

“வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கம்மா,” என்றாள்.

சோம்பேறித்தனம் என்று நினைத்து அதட்டினேன். உடனே, நாளைக்கு வேலை இருக்காம் என்றாள். அடுத்த சிக்னலில் வாங்கிப் பார்த்தேன். நாளைக்கு வேலையே இல்லை, மெஷின் ரிப்பேர், வரவேண்டாம் என்று மலாயில் இரண்டே வரி. பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினேன். அக்காவிடம் காட்டுவதற்காகக் கொண்டுபோன பத்திரிகை பின்சீட்டில் கிடந்தது, பவானியைப் பற்றிய செய்தி வந்த பத்திரிகை. எடுத்து மடியில் வைத்து வாசிக்கச் சொன்னேன். மடமடவென்று சொன்னாள். தலைப்பு முதல் கடைசி வரி வரை ஒரு பிசகு இல்லை. எனக்கு உயிர் வந்தது. எதற்கும் பார்ப்போம் என்று, ‘பள்ளி’ என்ற சொல் எங்கே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு என்றேன்.

விரல் பத்திரிகைமேல் அலைந்தது. அப்புறம் ஒரு இடத்தில் நின்றது. அது ‘மலாக்கா’ என்ற சொல்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். எப்பவுமே இப்படித்தான் என்றாள். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எழுத்துகள் தெரியுமாம். ஒவ்வொன்றாகச் சொல்வாளாம். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து என்ன என்பது போய்விடுமாம். பத்திரிகைச் செய்தியை எச்.எம். அசெம்பிளியில் வாசித்தபோது கேட்டுக்கொண்டாளாம்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் முதலாம் ஆண்டுக்குப் போனது 2020இல். ஆனா ஆவன்னா ஆரம்பித்த கையோடு நோய் வந்து பள்ளியை மூடினார்கள். பாடம் போனில் வரும் என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே போன், அது என்னோடு தொழிற்சாலைக்குப் போய் லாக்கரில் கிடக்கும். திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். ஒழுங்காகப் பள்ளி நடக்க ஆரம்பித்தபோது அவள் மூன்றாம் ஆண்டு. பிள்ளைகள் குறைவு என்பதால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துத்தான் பாடம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்க, டீச்சர் ஆறாம் ஆண்டுக்குப் பாடம் நடத்துவார். இவள் அங்கே காதை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்டே படித்துவிட்டாள். கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் வரும். எழுதுவதைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிடுவாள். வீட்டுக்கு வரும் மதிப்பீட்டில் வாசிப்பு அடைவுநிலை ஆறுக்கு நான்கு என்று இருக்கும். நன்று என்று அர்த்தம். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

மறுநாள் வேலைதான் இல்லையே. நேராகப் பள்ளிக்குப் போனேன். உஷாராணி டீச்சர் என்னைவிட இளையவர், வெடுக்கென்று பேசாத ஆள். சொன்னதும் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். நாலாம் ஆண்டிலேயே தெரியும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று குறைநீக்கல் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று பள்ளி கேட்டதாம். உங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தனி ஆசிரியர் கிடையாது என்று பதில் வந்ததாம். மாலையில் இவரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். நன்றாகத்தான் வந்ததாம்.

“அப்புறம் போட்டி வந்துச்சுக்கா. மத்தியானம் பூரா பயிற்சி. இவளுக்கு வாய் நல்லா இருக்கு, இவளையே போடுங்கன்னு எச்.எம். சார் சொல்லிட்டார்,” என்றார்.

“வாசிக்கத் தெரியாதுன்னு சாருக்குச் சொன்னீங்களா?”

“சொன்னேன்க்கா.”

அப்புறம் நான்கு என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். மூன்றுக்குக் கீழே போனால் இலாகாவிலிருந்து விளக்கம் கேட்பார்களாம். ஒரு மாதம் அதற்குப் பதில் எழுதியே போகுமாம். அதற்கு இந்தப் பிள்ளையோடு உட்காரலாமே என்று நினைத்தாராம். உட்கார்ந்தீர்களா என்று கேட்டேன். அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது. அழ வேண்டியவள் நான். நானே அழாமல் நிற்கிறேன்.

தர்மேந்திரன் சார், எங்கள் எச்.எம்., நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைலோ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகப் பேசினார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அதுதான் தொல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் சுலபமாகத் திட்டியிருப்பேன்.

“பதக்கத்துக்கு முன்னாடி நான் போட்ட லெட்டருக்கு ஒருத்தர் பதில் போடலம்மா. பதக்கம் வந்துச்சு, கூரை வந்துச்சு. இந்தப் பள்ளிய டவுன் பள்ளியோட சேர்க்கலாமான்னு மேல பேசிக்கிட்டு இருக்காங்க. இப்ப நம்ம பேரு நல்லா இருக்கு. பரிசளிப்பு விழாவுக்கு மாவட்ட அதிகாரி வர்றார். அது முடியட்டும்லா. அப்புறம் பவானிய நானே பாத்துக்கறேன்.”

நவம்பர் விழா. ஜனவரியில் இவள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். அங்கே ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், பாடம் எல்லாம் மலாயில். வாசிக்கத் தெரியாத பிள்ளையைக் கடைசி வகுப்பில் கடைசி வரிசையில் போடுவார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும். நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. பயிற்சிக்கு ஒதுக்கும் அந்த மத்தியான நேரத்தை வாசிப்புக்கு ஒதுக்குங்கள் என்றேன். அவளுக்கு மட்டும் இல்லை, யார் யாருக்கு வரவில்லையோ எல்லோருக்கும். அடுத்த போட்டி இந்தோனேசியாவில், டிக்கெட் போட்டாகிவிட்டது என்றார். அப்படியானால் என் மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மைலோவைக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு நரகமாகிவிட்டது. பவானிக்கு மேடை என்றால் உயிர். அதை நான் பிடுங்கிவிட்டேன் என்று என்னோடு பேசவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து நானே புத்தகத்தை எடுத்துவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. மூன்றாவது தடவை தப்பாகச் சொன்னால் எனக்குக் கத்தல் வந்துவிடும். நான் கத்தினால் அவள் வாயை மூடிக்கொள்வாள், அன்றைக்கு அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் கேட்டாள், எல்லாரும் என்னைக் கெட்டிக்காரின்னு சொல்றாங்க, நீங்க மட்டும் ஏம்மா இல்லேன்னு சொல்றீங்க என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளுக்கு வாசிக்க வரவில்லை, உங்கள் பிள்ளைகளுக்கும் வருகிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், எல்லாரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு ஆசிரியரைக் கேட்போம் என்றேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை. சிலர் கூரையைப் பார்த்தார்கள், சிலர் போனைப் பார்த்தார்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்தவர்களின் முகங்கள் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். சங்கத் தலைவர் தம்புசாமி அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

“ஏம்மா, அதிகாரி வர்ற நேரத்துல இதச் சொன்னா பள்ளிய மூடிருவாங்க. மூடிட்டா உன் மகளுக்குப் படிக்க வந்துருமா?”

“தெறந்து இருந்தப்ப வந்துச்சாண்ணே?” என்றேன்.

அவர் பிள்ளைகள் இருவரும் டவுன் பள்ளியில் படித்தவர்கள். அதையும் சொல்லலாம் என்று நாக்கு வரை வந்தது. விட்டுவிட்டேன். கூட்டம் விழாவுக்கு யார் என்ன பலகாரம் செய்வது என்ற பேச்சுக்குப் போய்விட்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸாப் குழுவில், சிலர் சுயநலத்துக்காகப் பள்ளியின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

விழா சனிக்கிழமை காலை. போகவே கூடாது என்று இருந்தேன். பவானி யூனிபார்மை அவளே அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, வாசலில் வந்து நின்றாள். பரிசை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன், பேசமாட்டேன் என்றாள். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வீம்பு நிற்கவில்லை. கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். பீரோவிலிருந்த டேப்லட்டுகள் ஒரு மேசையில் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. மாவட்ட அதிகாரி மலாய்க்காரர், சாந்தமான முகம், எங்களுக்காக ‘வணக்கம்’ சொல்லப் பழகிக்கொண்டு வந்திருந்தார். வாசிப்பை வளர்ப்பதற்கென்று தமிழ்க் கதைப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக எடுத்துவந்திருந்தார். எல்லாம் ஒரே புத்தகம். பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மீதியைப் பெற்றோருக்கும் கொடுத்தார்கள். ஒரு பழைய பஸ்ஸைப் பற்றிய கதை, பெரிய பெரிய படங்களோடு. ஆளுக்கு ஒன்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பவானி பரிசு வாங்க மேலே ஏறினாள். அதிகாரி கை கொடுத்தார். பேனரில் பார்த்த பிள்ளை இதுதானே என்று சிரித்தார். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, நம் வெற்றியாளர் முதல் சில பக்கங்களை எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும் என்று மைக்கை நீட்டினார். தர்மேந்திரன் சார் பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். உஷாராணி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து போய் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

பவானி புத்தகத்தைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஊரில் ஒரு நீலப் பஸ் இருந்ததாம். அதற்கு மழை என்றால் பயமாம். எல்லாப் பிள்ளைகளும் பெரிய பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்களாம், இது மட்டும் ஒரு பிள்ளைக்காக மரத்தடியில் காத்துக்கொண்டிருந்ததாம். குரலில் ஏற்றம், இறக்கம், பஸ்ஸுக்கு ஒரு குரல், பிள்ளைக்கு ஒரு குரல். வரிக்கு வரி கண்ணை ஓட்டினாள். சரியான இடத்தில் பக்கத்தைக்கூடப் புரட்டினாள். என் மடியிலும் அதே பக்கம் திறந்திருந்தது. அதில் பஸ் பழுதாகிவிட்டது, ஊரார் சேர்ந்து தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் அங்கே இல்லை. சொல்லப்போனால் அவள் கதைதான் நன்றாக இருந்தது. இவ்வளவு உள்ள பிள்ளைக்கு ஆறு வருஷத்தில் எழுத்தைக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லார் மடியிலும் புத்தகம் திறந்திருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்கள், மறுபடி குனிந்தார்கள். முன்வரிசையில் தம்புசாமி அண்ணன் தன் புத்தகத்தை மெதுவாக மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் மூடினார். பவானி முடித்துத் தலை வணங்கியதும் தம்புசாமி அண்ணன்தான் முதலில் கை தட்டினார். மண்டபமே தட்டியது. அந்த மண்டபத்தில் தமிழ் தெரியாத ஒரே ஆள் அதிகாரி. அவர் உண்மையாகவே மகிழ்ந்து தட்டினார். மற்றவர்களும் அவருக்குச் சமமாகத் தட்டினார்கள்.

பவானி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாதங்களுக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து, காதோடு கேட்டாள்.

“யாருக்கும் தெரியலதானேம்மா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் சந்தோஷமாக இருந்திருப்பாள். எல்லாரும் அவளிடம் அதைத்தான் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“எல்லாருக்கும் தெரியும்டி,” என்றேன். “அதே புத்தகம் எல்லார் கையிலயும் இருக்கு, பாரு.”

திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். அவளைப் பார்த்தவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். மேடையில் தர்மேந்திரன் சார் நன்றியுரையைத் தொடங்கியிருந்தார். பவானியின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் அழவில்லை. எனக்கு வரும் கோபம் அவளுக்கும் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அப்புறம் ஏம்மா கை தட்டுனாங்க?” என்றாள்.

அவங்களையே கேக்கட்டுமா என்று கேட்டேன். புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, கேளுங்க என்றாள்.

இரண்டு பேரும் எழுந்து நின்றோம். தர்மேந்திரன் சார் பேச்சை நிறுத்தினார். என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது, அவள் வாசித்தது இந்தப் புத்தகத்தில் இல்லை, இது உங்கள் எல்லாருக்கும் தெரியும், பிறகு ஏன் கை தட்டினீர்கள் என்று கேட்டேன். மைக் இல்லை, தேவைப்படவும் இல்லை. அதிகாரி என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்புசாமி அண்ணன் திரும்பி, உட்காரும்மா என்று கையைக் காட்டினார். பவானி என் கையை விடவில்லை.

நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, அவருக்கும் விளங்கட்டும் என்று, சொன்னதையும் கேட்டதையும் முதலிலிருந்து மலாயில் சொன்னேன்.